சேலத்தில் உட்கார்ந்து பார்த்தால் இருபதாம் நூற்றாண்டு எப்படித் தெரிகிறது?

வெள்ளைக்கல் | ஞாயிறு, காலை 7:40

மகள் பத்தாம் வகுப்பு. சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாற்றின் முதல் நாலு பாடமும் உலக வரலாறுதான். முதல் போர், இரண்டு போருக்கும் இடைப்பட்ட காலம், இரண்டாம் போர், அப்புறம் அதற்குப் பிந்தைய உலகம். நேற்று ராத்திரி படித்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்ப்பா, இத்தனை நாடு உடைஞ்சிருக்கு, இத்தனை பேர் செத்திருக்காங்க. அப்போ சேலத்துல என்ன பண்ணிட்டிருந்தாங்க? சும்மா உக்காந்திருந்தாங்களா?"

கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு கருப்பூர் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் வெள்ளைக்கல் குவியல் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட். அப்பா அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவாள்.

இந்தக் கல்லைச் சுட்டுச் செங்கல் ஆக்கி எஃகு உலைக்கு உள்பூச்சாக அடுக்குவார்கள். மெக்னீசியம் ஆக்சைடு உருகக் கிட்டத்தட்ட 2,800 டிகிரி வேண்டும், அதனால் உருகின இரும்பு அதை ஒன்றும் செய்யாது. 1914க்கு முன்னால் உலகத்தின் எஃகு ஆலைகள் இந்தக் கல்லுக்குப் பெரும்பாலும் ஆஸ்திரியாவைத்தான் நம்பியிருந்தன. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு ஏழு வாரத்துக்குள் ஆஸ்திரியா பிரிட்டனுக்கு எதிரி நாடு. பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு உலை வேண்டும், உலைக்குக் கல் வேண்டும், கல் கொடுத்தவனோடுதான் சண்டை. கல் எங்கே கிடைக்கும் என்று பிரிட்டிஷ்காரன் தேடினால் அவனுடைய சாம்ராஜ்யத்துக்குள் கிடைத்தது நம் ஊர்க் கரடு. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில்வே ஸ்டேஷனுக்கே பெயர் வைத்திருக்கிறார்களே, அது சும்மா வந்த பெயரா?

ஆக என் கருத்து இது. பாடப்புத்தகம் சொல்லும் போர், உடன்படிக்கை எல்லாம் சரி. ஆனால் நம் ஊருக்கு அந்த நூற்றாண்டு செய்தியாக வரவில்லை, தட்டுப்பாடாக வந்தது. எங்கேயோ கப்பல் நின்றால் சேலத்தில் ஒன்று பிறக்கும். கப்பல் மறுபடி ஓடினால் இங்கே ஒன்று சாகும். பின்னால் சீனாவிலிருந்து மலிவாக மேக்னசைட் வர ஆரம்பித்தபோது எங்கள் பக்கம் என்ன ஆனது என்று பார்த்தவன் நான்.

சரியா, தப்பா? சொல்லுங்கள்.

ஜவ்வரிசி | ஞாயிறு, காலை 8:25

அண்ணா, உங்கள் பேச்சுக்கு முதல் சாட்சி நான்தான். எங்களுக்குத் தலைவாசல் பக்கம் சேகோ ஆலை, மூன்று தலைமுறை.

சேமியா பாயசத்தில் போடும் ஜவ்வரிசி முன்பெல்லாம் கப்பலில் வந்தது. சிங்கப்பூர், மலேயா சரக்கு. நூற்பாலைகளுக்கு வேண்டிய ஸ்டார்ச்சும் அப்படித்தான், வெளிநாட்டிலிருந்து. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அத்தோடு சரக்கும் நின்றது.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒருவர், கருவாட்டு வியாபாரம். அடிக்கடி கேரளப் பக்கம் போய்வருவார். அங்கே மரவள்ளி மாவைப் பார்க்கிறார். பினாங்கில் இருந்து வந்த பொப்பட்லால் ஷா என்ற குஜராத்திக்கு மலேயாவில் ஜவ்வரிசி செய்கிற முறை தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து 1943ல் சேலத்தில் ஆரம்பித்தார்கள். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஆத்தூரில் இருந்து ராசிபுரம் வரை குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடு இருக்காது, என் அப்பா எனக்கு இந்த ஆலையைக் கொடுத்திருக்க முடியாது. ஹிட்லரை விட, சிங்கப்பூரைப் பிடித்த ஜெனரல் யமாஷிதா எங்கள் குடும்பத்துக்கு நெருக்கம் :)

செய்முறையும் முதலில் எல்லாம் கைவேலைதான். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் விடுவார்கள். ராத்திரி முழுக்க மாவு கீழே படியும். காலையில் மேல்தண்ணீரை இறைத்துவிட்டு ஈர மாவை வெட்டி எடுத்து, துணித் தொட்டிலில் போட்டு இரண்டு பக்கமும் ஆள் நின்று குலுக்கினால் மாவு முத்து முத்தாக உருளும். சல்லடையில் சலித்து, சட்டியில் வறுத்து, களத்தில் காய வைப்பது. வடிகட்டியதில் மிச்சம் திப்பி, மாட்டுக்கு. இன்றைக்கு மெஷின் குலுக்குகிறது. அடிப்படை அதேதான்.

ஆனால் ஒன்று. கதை அதோடு முடியவில்லை. 1944ல் பஞ்சம். சாப்பிடுகிற கிழங்கை எடுத்து மாவாக்கி வெளியூருக்கு விற்கிறாயா என்று சேலம் கலெக்டர் தடை போட்டுவிட்டார். கப்பல் நின்றதால் பிறந்த தொழிலை, அதே கப்பல் நின்றதால் வந்த பசி மூச்சுத் திணற வைத்தது. மேலே மனு போட்டு, அலைந்து திரிந்துதான் தடையை நீக்கினார்கள்.

கொலுசுப் பட்டறை | ஞாயிறு, காலை 9:10

செவ்வாய்பேட்டையிலிருந்து ஒரு குறுக்குச்சால். 1980 ஜனவரியில் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர்களான ஹன்ட் சகோதரர்கள் உலகத்து வெள்ளியை எல்லாம் வாங்கிப் பதுக்கி அவுன்ஸ் 50 டாலர் வரைக்கும் ஏற்றினார்கள். மார்ச் 27, வியாழக்கிழமை, சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. கொலுசுக்குக் கண்ணி கோக்கிற வீடுகளில் அந்த மாதங்களில் வேலையே இல்லை என்று என் சித்தப்பா சொல்வார். இதற்குக் கப்பலும் நிற்கவில்லை, போரும் நடக்கவில்லை. உங்கள் தத்துவத்தில் இதை எங்கே வைப்பீர்கள்?

ஆத்தூர் டீச்சர் | ஞாயிறு, காலை 11:02

இருபத்திரண்டு வருடமாக இந்த நாலு பாடத்தையும் (புத்தகம் மாறினாலும் பாடம் மாறாது) நடத்துகிறேன். முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டு. என் வகுப்பில் இப்படிக் கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

//கப்பல் நின்றால் சேலத்தில் ஒன்று பிறக்கும்//

கேட்க நன்றாக இருக்கிறது. போர்க் காலத்துக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் 1930களை என்ன செய்வீர்கள்? அப்போது கப்பல் நிற்கவில்லை. ஓடியதுதான் பிரச்சினை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. அது பாடத்தில் இருக்கிறது. நம் விவசாயிக்கு அது எப்படி வந்தது என்பது இல்லை. விளைபொருள் விலை பாதிக்குப் பாதி சரிந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவு அரிசி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்க இறங்க, இங்கே நெல் விலை இன்னும் கீழே போனது. விலை குறைந்தால் வரி குறையுமா? கிஸ்தி அப்படியேதான். கடனும் அப்படியேதான். அப்போது மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கழுத்தில் காதில் கிடந்ததை விற்றார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையை (நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைப்பது) விட்டு வெளியே வந்ததும் தங்கம் விலை ஏறியது. அதற்கப்புறம் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தங்கம் லண்டனுக்குப் போனது. அதில் பாதி கிராமத்துப் பெண்களின் நகை என்று சொன்னால் மிகையில்லை என்றே நினைக்கிறேன். லண்டன் பத்திரிகைகளுக்கு அது நல்ல செய்தி.

அதே பர்மா அரிசியைக் கவனியுங்கள். 1930களில் வந்து விலையைக் கெடுத்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் வராமல் போய் வயிற்றைக் கெடுத்தது. பக்கத்துக் கேரளத்தில் மரவள்ளி தின்று பிழைத்தார்கள். அதனால் கப்பலை அச்சாக வைக்காதீர்கள். விலையை வையுங்கள்.

இன்னொன்று, மேட்டூர். 1925ல் ஆரம்பித்து 1934 ஆகஸ்டில் திறந்தார்கள். உலகமே விற்க முடியாமல் தானியத்தை வைத்துக்கொண்டு விழித்த நேரத்தில் டெல்டாவுக்கு இன்னும் நெல் விளைவிக்கத் தண்ணீர்! திட்டம் போட்டபோது இருந்த விலை வேறு, திறந்தபோது இருந்த விலை வேறு. அமெரிக்காவிலும் அப்போது ஹூவர் அணை எழும்பிக்கொண்டிருந்தது, 1933ல் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம். ஸ்டாலின் நீப்பர் ஆற்றில் கட்டியது 1932ல் முடிந்தது. முதலாளித்துவம், கம்யூனிசம், காலனி அரசு மூன்றுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது: ஆற்றை மறித்துச் சுவர் எழுப்பு, ஊரை எழுப்பி அனுப்பு. என் பாட்டியின் பிறந்த ஊர் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது.

சங்ககிரி லாரி ஷெட் | ஞாயிறு, மதியம் 12:30

டீச்சர் சொன்ன விலை கணக்குக்கு ஒரு ஓட்டு. 1973 அக்டோபர் 6 எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் மேல் போனார்கள். அடுத்த ஜனவரிக்குள் கச்சா எண்ணெய் 3 டாலரில் இருந்து 12 டாலருக்குப் பக்கம். என் தாத்தா அப்போதுதான் கடன் வாங்கி முதல் லாரி எடுத்திருந்தார். சாகும் வரைக்கும் அவருக்குச் சூயஸ் கால்வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் அரபுக்காரன் பெயரைச் சொன்னாலே முகம் மாறும்.

சிவப்புத் துண்டு | ஞாயிறு, மாலை 4:15

காலையிலிருந்து படிக்கிறேன். கல், கிழங்கு, அரிசி, வெள்ளி, டீசல். எல்லாம் பேசினீர்கள். மனுஷன் எங்கே?

1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறை. கம்யூனிஸ்டுக் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபாரில் இருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. எந்தக் கப்பல் நின்றதால் இது நடந்தது, எந்த விலை சரிந்ததால் நடந்தது என்று கேட்கிறேன்.

உலக வரலாறு என்றால் இதுதான் அய்யா. 1948ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மலேயாவில் அவசர நிலை. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியவர், தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி. 1949 மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிட்டார்கள். அதே வருடங்களில் தெலங்கானாவில் துப்பாக்கி. மெட்ராஸ் மாகாணத்தில் கட்சிக்குத் தடை. பனிப்போர் என்று பாடத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெர்லினில் வேண்டுமானால் பனியாக இருந்திருக்கும். ஆசியாவில் அது எப்போதும் சூடுதான். சேலம் ஜெயில் மதில் சுவர் வரைக்கும் வந்த சூடு.

வெள்ளைக்கல் | ஞாயிறு, மாலை 5:05

தோழர், அடி வாங்கிக்கொண்டேன். மகளிடம் நான் சொன்ன பதிலில் அந்த 22 பேர் இல்லை. அந்தச் சிறைச்சாலையைத் தாண்டித்தான் இருபது வருடமாக வேலைக்குப் போய்வருகிறேன், அது இன்னும் அவமானம்.

ஆனால் உங்கள் கேள்விக்கு உங்கள் பதிவிலேயே பாதி பதில் இருக்கிறது. மலேயாவில் பிரிட்டிஷ்காரன் ஏன் அவ்வளவு மூர்க்கமாக நின்றான்? போரில் கடன்பட்டுப் போன பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலேயா ரப்பரும் தகரமும்தான். கணபதியின் கழுத்துக் கயிற்றிலும் ஒரு விலைப்பட்டியல் கட்டியிருக்கிறது.

டீச்சர், கப்பலை விட்டு விலைக்கு வருகிறேன். கொலுசுப் பட்டறைக்காரரும் அதில் அடங்கிவிடுவார்.

ஆத்தூர் டீச்சர் | ஞாயிறு, மாலை 6:20

இன்னொரு தேதியையும் போட்டுவிடுகிறேன். 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாடு. நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. சர், ராவ்பகதூர் பட்டமெல்லாம் துறக்க வேண்டும் என்று தீர்மானம். அண்ணாதுரை பெயரில் வந்த தீர்மானம்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை. அந்த வாரத்தில்தான் வாஷிங்டனில் டம்பார்டன் ஓக்ஸ் மாளிகையில் உட்கார்ந்து ஐக்கிய நாடுகள் சபைக்கு வரைவு போட ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய மாதம் பிரெட்டன் உட்ஸில் உலக நாணய மாநாடு. போர் முடியப்போகிறது, பழைய எஜமானர் நிலைக்கமாட்டார், அடுத்து என்ன என்று உலகம் முழுக்க எல்லோரும் கணக்குப் போட்ட கோடைக்காலம் அது. சேலத்திலும் போட்டார்கள். பட்டம் கொடுத்த அரசே போகப்போகிறது என்றால் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதை நான் தமிழக வரலாறு வகுப்பில் ஒரு நாள், உலக வரலாறு வகுப்பில் இன்னொரு நாள் நடத்துகிறேன். ஒரே நாளில் நடத்தப் பாடத்திட்டத்தில் இடம் இல்லை.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 6:48

மேலே உள்ள பதிவுக்கு வந்த ஏழு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். 1944ஐப் பேசலாம், அடுத்த தேர்தலைப் பேச வேறு இழை இருக்கிறது.

ஜவ்வரிசி | ஞாயிறு, இரவு 8:10

போர்க் காலம் என்றதும் ஞாபகம் வந்தது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகிறோமே, உள்ளே 1945ல் பர்மா ராணி என்று படம் எடுத்தார்கள். ஜப்பான் பிடித்த பர்மாவில் மாட்டிக்கொண்ட விமானிகள் கதை. முதலாளி டி.ஆர். சுந்தரமே ஜப்பான் அதிகாரி வேஷம் கட்டினார். ஃபிலிம் சுருளுக்கு ரேஷன் இருந்த காலம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உத்தரவு. தமிழ்ப் படத்தில் பாட்டு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உலகப் போரால் தமிழனுக்குக் கிடைத்த ஒரே நன்மை என்று என் மாமா சொல்வார். அவருக்கு அந்தக் காலத்துப் பாட்டு பிடிக்காது.

காப்பிக்காடு | திங்கள், அதிகாலை 5:30

ஏற்காட்டில் இருந்து. நேற்று முழுக்க நெட் இல்லை, இப்போதுதான் எல்லாம் படித்தேன். எங்களுக்கு ஆறு ஏக்கர், அரபிகா, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. காலேஜ் படிப்பெல்லாம் இல்லை. ஆனால் டீச்சர் சொன்ன "விலை" என்பதில் ஒரு சின்னத் திருத்தம். விலை ஏறுவது இறங்குவது இல்லை விஷயம். விலையை யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் நம் காப்பி ஐரோப்பாவுக்குப் போனது. இரண்டாம் போர் வந்ததும் அந்தச் சந்தை அடைபட்டது. காய் பழுக்கிறது, வாங்க ஆள் இல்லை. தோட்டங்கள் அழிந்துவிடும் என்று 1940ல் அவசரச் சட்டம், 1942ல் காப்பிச் சட்டம். இந்தியாவில் விளையும் காப்பி எல்லாம் அரசின் காப்பி போர்டுக்கு. வீட்டில் குடிக்கவும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். மீதி மொத்தமும் ஒரே குவியல். போர்டு ஏலம் விட்டு விற்கும், உங்கள் சரக்கின் தரத்துக்குப் புள்ளி போட்டுப் பணம் தரும். போர்க்கால ஏற்பாடு. போர் 1945ல் முடிந்தது. ஏற்பாடு 1996 வரைக்கும் முடியவில்லை.

என் அப்பாவின் தகரப் பெட்டியில் அந்தச் சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. மூட்டை எத்தனை, பார்ச்மென்ட் (தோலெடுத்துக் கழுவிக் காய வைத்தது) எவ்வளவு, செர்ரி (பழமாகவே காய வைத்தது) எவ்வளவு, புள்ளி எவ்வளவு. பழம் பறித்து, தோலெடுத்து, ஊறவைத்து, கழுவிக் காய வைத்துக் கியூரிங் ஒர்க்ஸுக்கு அனுப்பினால் முதல் தவணை வரும். அப்புறம் அடுத்த தவணை எப்போது என்று தெரியாது. அடுத்த வருடப் பழம் பழுக்கும்போது போன வருடத்துக் காசு வரும். ஒரு சீட்டின் பின்பக்கம் அப்பா பென்சிலில் எழுதியிருக்கிறார்: "மிளகு விற்று உரம்". அவ்வளவுதான். அது ஒரு முழு வருடத்தின் கதை.

இதற்கு மேலே இன்னொரு மேஜை இருந்தது. 1962ல் நியூயார்க்கில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம். எந்த நாடு எத்தனை மூட்டை ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்தார்கள். காப்பி குடிக்கிற அமெரிக்கா ஏன் விலை ஏறுகிற ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டது? 1959ல் கியூபா கையை விட்டுப் போயிருந்தது. காப்பி விலை விழுந்தால் பிரேசில், கொலம்பியா விவசாயியும் காஸ்ட்ரோ பக்கம் சாய்ந்துவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தில் பாதி நாங்கள் பிழைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோழர் கோபப்படக்கூடாது. கம்யூனிசம் இங்கே ஆட்சிக்கு வராமலே எங்களுக்கு நல்ல விலை வாங்கிக் கொடுத்தது.

நேராகவும் கொடுத்தது. சோவியத் யூனியன் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் பங்குக்கு வெளியே அவர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். ரூபாயிலேயே கணக்கு. எண்பதுகளில் நம் காப்பியைப் பெருமளவு வாங்கியது அவர்கள்தான். தரம் பற்றிப் பெரிதாகக் கேட்கவும் மாட்டார்கள். அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எங்கள் மலையில் சண்டை உண்டு. என்னைக் கேட்டால், நாக்குக்குக் கெட்டது, வீட்டுக்கு நல்லது.

1989 ஜூலை 4. அந்த நாளை எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. பங்கு ஏற்பாடு உடைந்தது. பெர்லின் சுவர் விழுந்தது அதற்கு நாலு மாதம் கழித்து, நவம்பர் 9. எங்களுக்கு முதலில் விழுந்தது காப்பி விலைதான். சில மாதத்தில் உலக விலை பாதிக்குப் பக்கம் இறங்கியது. பனிப்போர் முடிகிறது, இனி பயம் இல்லை, பயம் இல்லாத இடத்தில் பங்கும் இல்லை. 1991ல் சோவியத்தும் கலைந்தது. பெரிய வாடிக்கைக்காரரே மாயம்.

அப்புறம்தான் தாராளமயம். 1992ல் கொஞ்சம் சொந்தமாக விற்கலாம் என்றார்கள், அடுத்தடுத்து சின்ன விவசாயிக்கு முழுசாகவே விட்டார்கள், 1996ல் எல்லோருக்கும். முதல் வருடம் பார்த்தால் ராஜயோகம். 1994 ஜூன், ஜூலையில் பிரேசிலில் உறைபனி, அங்கே செடி கருகியது, இங்கே விலை எகிறியது. அப்பா அந்த வருடம்தான் மச்சு வீடு போட்டார். பிரேசில்காரன் செடி செத்து நம் வீட்டுக்குக் கம்பி வந்தது என்று அவரே சொல்வார், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஆனால் அதே நேரம் வியட்நாம் நட்டுக்கொண்டிருந்தது. 1986ல் அவர்கள் கதவைத் திறந்தார்கள். நூற்றாண்டு முடியும்போது உலகத்தில் இரண்டாவது இடம். 2001, 2002ல் விலை முப்பது வருடத்தில் காணாத மட்டம். அமெரிக்கா குண்டு போட்டு அழித்த நாடு எழுந்து நின்று எங்களை விழ வைத்தது. அவர்கள் மேல் கோபப்பட முடியுமா? அவர்களும் ஆறு ஏக்கர்காரர்கள்தான்.

இன்றைக்கு வியாபாரி போனில் நியூயார்க் விலையைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தொடுகிறான். அப்பா காலத்தில் புள்ளி போட்டவருக்கு ஒரு மேஜை இருந்தது, போய்ச் சண்டை போடலாம், போட்டிருக்கிறார். நான் யாரிடம் போடுவது?

பழம் பறிக்க ஆள் வந்துவிட்டார்கள். மிச்சம் ராத்திரி.

சிவப்புத் துண்டு | திங்கள், காலை 7:15

காப்பிக்காடு அண்ணா, கோபம் இல்லை. ஆறு ஏக்கர் உங்களுடையது சரி. பழம் பறிக்க வந்த ஆளுக்கு 1989லும் 1994லும் கூலி என்ன ஆனது? அதையும் எழுதுங்கள். மலையாளி பழங்குடிச் சனங்கள் (கேரளத்தவர் இல்லை, உங்கள் மலையின் பழங்குடியினர்) காட்டை விட்டுத் தோட்டக் கூலி ஆனது காபர்ன் கலெக்டர் காலத்து 1820களிலேயே தொடங்கிய கதை. உங்கள் கதையில் அது இல்லை.

காப்பிக்காடு | திங்கள், இரவு 9:40

நியாயமான கேள்வி. விலை விழுந்த வருடம் கூலி நாள் குறைந்தது. விலை ஏறிய வருடம் கூலி ஏறவில்லை, ஆள் அதிகம் கூப்பிட்டோம். மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடமாகப் பழம் எடுக்கும் பாட்டியிடம் இன்றைக்குச் சாயங்காலம் கேட்டேன், "ஆயா, 94ல காப்பி விலை ஏறுச்சே, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று. "ஏறுச்சா? எனக்கு யாரு சொன்னா?" என்றது.

ஆத்தூர் டீச்சர் | திங்கள், இரவு 10:05

இந்த ஒரு வரியை அடுத்த வருடம் என் வகுப்பில் சொல்லப்போகிறேன். அனுமதி கொடுங்கள்.

கொலுசுப் பட்டறை | திங்கள், இரவு 10:20

வெள்ளைக்கல் அண்ணா, ஆக மகளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்? முதலில் கப்பல் என்றீர்கள், அப்புறம் விலை, இப்போது விலை எழுதுகிற மேஜை. நாளைக்குக் காலையில் நாற்காலிக்கு வந்துவிடுவீர்கள் போல.

வெள்ளைக்கல் | செவ்வாய், காலை 6:50

சிரிங்க, சிரிங்க. நேற்று இழை முழுவதையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். சிறைச் சம்பவத்தை இரண்டு தடவை படித்தாள். காப்பிக்காடு அண்ணாவின் பதிவைப் படித்துவிட்டு வியட்நாம் எங்கே இருக்கிறது என்று மேப் எடுத்தாள். ஜவ்வரிசித் தம்பி பதிவுக்கு, "இனிமே பாயசம் குடிக்கும்போதெல்லாம் ஜப்பான் ஞாபகம் வரும், போங்கப்பா" என்றாள்.

பரீட்சைக்கு இதில் ஒன்றும் வராது என்று நானே சொல்லிவிட்டேன். அது அவளுக்கும் தெரியும். வெர்சாய் உடன்படிக்கை ஷரத்துகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். டீச்சருடைய பாட்டி ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது என்றார்களே, அதை எப்போதாவது பார்க்க முடியுமா?

ஆத்தூர் டீச்சர் | செவ்வாய், காலை 7:30

ஊரைப் பார்க்க முடியாது கண்ணு. அணை நன்றாக வற்றினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை தெரியும். பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் தெரியும். பாட்டி உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வறட்சிக்கும் எங்களைக் கூட்டிப் போவார். கரையில் உட்கார்ந்து, நந்தியிலிருந்து இந்தப் பக்கம் இத்தனை தப்படி, அங்கே கிணறு, அதற்குப் பின்னால் எங்கள் வாசல் என்று விரலால் காட்டுவார். அங்கே தண்ணீர்தான் இருக்கும்.

இப்போது அணை நிரம்பியிருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் இங்கேயே எழுதுகிறேன். அப்பாவைக் கூட்டி வா, பரிசலுக்குச் சில்லறை எடுத்து வரச் சொல்.